டாட்சன்: ஒரு ஜப்பானியக் கார்ப்பெயரின் வரலாறும் ஓட்டியவர்களின் கருத்தும்

டாட்சன் என்பது ஜப்பானின் நிசான் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு மகிழுந்து வணிகப்பெயர் ஆகும். 1930களில் தோன்றிய இப்பெயர் 1986-இல் கைவிடப்பட்டது. பின்னர் 2014-இல் இந்தியாவில் மீண்டும் விற்பனைக்கு வந்து, 2022-இல் இரண்டாம் முறையாக நிறுத்தப்பட்டது. இந்தியாவில் விற்பனையான கோ, கோ பிளஸ், ரெடி-கோ ஆகிய மூன்று டாட்சன் கார்களும் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் உள்ள ஆலையில் உருவானவை. ஆகவே ஜப்பானியப் பெயர் தாங்கியிருந்தாலும் இவை தமிழ்நாட்டில் பிறந்த கார்களே.

ஒரு பொருளை மலிவாக விற்க வேண்டுமானால் அதிலிருந்து எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுத்தால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வார், எதை எடுக்கவே கூடாது என்பதற்கு டாட்சனின் இந்திய வரலாறு நல்லதொரு பாடம். வண்டியை வைத்திருந்தவர்கள் பலர் அதைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் சந்தை அதை ஏற்கவில்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளப் பெயரின் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

பெயர் வந்த விதம்

1911-இல் மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற பொறியாளர் தோக்கியோவில் குவைஷின்ஷா என்னும் சிறிய கார் பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் டென், அவோயாமா, டகேயுச்சி என்ற மூவர். இவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 1914-இல் செய்த காருக்கு ‘டாட்’ என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் ‘டாட்டோ’ என்பது விரட்டப்பட்ட முயல் பாய்ந்தோடுவதைக் குறிக்கும் சொல். எனவே பெயரில் வேகமும் சேர்ந்துகொண்டது. 1930களின் நடுவில் வந்த சில டாட்சன் கார்களின் முகப்பில் பாயும் முயலின் சிறு உருவம் பொருத்தப்பட்டிருந்தது இதனால்தான்.

1930-இல் ஜப்பானிய அரசு, 500 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட வண்டிகளை உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது. அந்த அளவுக்குள் 495 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் ஒரு சிறு கார் 1931-இல் உருவானது. பெரிய ‘டாட்’ காருக்குப் பிள்ளை போன்றது என்பதால், மகன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ‘டாட்சன்’ என்றார்கள். ஆனால் அந்த ஆங்கில ஒலிக்கு நெருக்கமான ‘சோன்’ என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் நட்டம் என்று பொருள். விற்கும் பொருளின் பெயரிலேயே நட்டம் இருப்பதை எந்த வணிகர்தான் விரும்புவார்? எனவே அடுத்த ஆண்டே ஓர் எழுத்தை மாற்றி, சூரியன் என்று பொருள்படும் சொல்லாக்கினார்கள். ஜப்பானியக் கொடியிலும் சூரியன் இருப்பதால் அது பொருத்தமாக அமைந்தது. தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களும் ஒன்றுபோலவே தெரியும்.

1933-இல் யொஷிசுகே அயிகாவா தொடங்கிய நிறுவனம் இந்தக் கார்த் தொழிலை எடுத்துக்கொண்டது. 1934-இல் அது நிசான் மோட்டார் எனப் பெயர் பெற்றது. டாட்சன் அதன் சிறு கார்களின் பெயராயிற்று.

உலகச் சந்தையில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிசானின் பொறியாளர்கள் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்தோடு 1952-இல் ஒப்பந்தம் செய்து, ஆஸ்டின் ஏ40 காரை ஜப்பானில் பூட்டிப் பழகினார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக நெடுங்காலம் ஓடிய அதே ஏ40 தான்.

1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த கடும் நெடும்பயணப் போட்டியில் இரண்டு டாட்சன் கார்கள் கலந்துகொண்டன. அவற்றுள் ஒன்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அந்த அணியை நடத்திய யுட்டகா கட்டயாமா பின்னர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே டாட்சன் விற்பனையை வளர்த்தார். 1967-இல் வந்த 510 காரும், 1969-இல் அறிமுகமான 240 இசட் என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரும் அமெரிக்கர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபோது, குறைவாகக் குடிக்கும் சிறு ஜப்பானியக் கார்களை மக்கள் தேடிப் போனார்கள். அக்காலத்தில் இலங்கைச் சாலைகளில் டாட்சன் சன்னியும், வளைகுடா நாடுகளில் டாட்சன் பிக்கப் வண்டியும் சாதாரணக் காட்சி. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழர்கள் சிலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தது இப்படித்தான். இந்தியாவுக்குள் இருந்தவர்களுக்கு அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஸ்டாண்டர்டும்தான்.

இவ்வளவு புகழ் பெற்ற பெயரை நிசான் தானே கைவிட்டது. உலகம் முழுவதும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று 1981-இல் முடிவு செய்து, ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக டாட்சனை நீக்கி நிசான் என்று மாற்றினார்கள். விளம்பரப் பலகைகள், விற்பனையகங்கள், காரின் முத்திரைகள் என எல்லாவற்றையும் மாற்றப் பெருஞ்செலவு ஆனது. மக்கள் நம்பி வாங்கிய பெயரை அழித்து, அவர்களுக்குப் பழக்கமில்லாத பெயரை வைத்தது தவறு என்று வணிகவியல் எழுதுவோர் பலர் இன்றும் கருதுகின்றனர். கருத்து நியாயமானதே.

ஒரகடம் வரை

ஜப்பானிய வாகனங்கள் இந்தியாவுக்குள் பெருமளவில் நுழைந்தது 1980களில். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சுசூகியின் தொழில்நுட்பம். அதே காலத்தில் இலகு சரக்கு வண்டிகளுக்கு டொயோட்டா, மிட்சுபிஷி, மஸ்தா ஆகியவை இந்தியக் கூட்டாளிகளுடன் வந்தன. நிசானும் ஆல்வின் நிறுவனத்துடன் சேர்ந்து, அன்றைய ஆந்திரத்தின் ஜகீராபாத்தில் சரக்கு வண்டி செய்தது. ஆனால் அந்த முயற்சி நீடிக்கவில்லை. ஆலை மகிந்திராவின் கைக்குப் போயிற்று.

நிசான் மறுபடி வந்தது பிரான்சின் ரெனோ நிறுவனத்துடன். 2008-இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் ஆகி, 2010 மார்ச்சில் ஒரகடத்தில் இரு நிறுவனங்களின் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. முதலில் நிசான் மைக்ரா, அடுத்து நிசான் சன்னி வெளிவந்தன. எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஏற்றுமதியும் நடந்தது. இதற்கிடையே அசோக் லேலண்டுடன் சேர்ந்து செய்த ‘தோஸ்த்’ என்ற சிறு சரக்கு வண்டி 2011-இல் வந்தது. திருப்பூரில் நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி ரோல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகளில் தோஸ்த்தும் ஒன்று. அந்த ஊருக்கு நிசான் அறிமுகமானது காரைவிட இந்த வண்டியின் மூலம்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் வண்டியின் மீது லேலண்டு பெயரே இருந்ததால் பலருக்கு அது தெரியாது.

மைக்ராவும் சன்னியும் நல்ல கார்கள்தாம். விலைதான் சற்று அதிகம். மாருதி ஆல்டோ வாங்கும் குடும்பத்தை நிசானால் எட்ட முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்காகவே, 26 ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த டாட்சன் பெயரை மீண்டும் எடுப்பதாக 2012 மார்ச்சில் இந்தோனேசியாவில் அறிவித்தார் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோன். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா ஆகிய நாடுகளே முதல் இலக்கு. பின்னர் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்தது. அங்கே விற்ற கோ கார்கள் இந்தியாவிலிருந்தே சென்றன.

மூன்று கார்கள்

2014 மார்ச்சில் டாட்சன் கோ வந்தது. டெல்லி ஷோரூம் தொடக்க விலை 3.12 லட்சம் ரூபாய். மைக்ராவின் அடித்தளத்தையும் அதே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினையும் கொண்டிருந்தது. ஆல்டோவின் விலையை ஒட்டி, அதைவிடப் பெரிய கார் என்பதே இதன் கவர்ச்சி. 2015 ஜனவரியில் 3.79 லட்சத்துக்கு கோ பிளஸ் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கிய நீளத்தில் மூன்று வரிசை இருக்கை. கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியாது, குழந்தைகள் உட்காரலாம். 2016 ஜூனில் ரெடி-கோ வந்தது. விலை 2.39 லட்சம். இது ரெனோ க்விட்டின் அடித்தளத்தில், அதே 0.8 லிட்டர் எஞ்சினுடன் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் 1 லிட்டர் எஞ்சினும், 2018-இல் கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும் வகையும் சேர்ந்தன.

விலையைக் குறைத்த விதத்தைக் கோவின் உள்ளே உட்கார்ந்தால் பார்க்கலாம். ரேடியோ, பாட்டுப்பெட்டி கிடையாது. அதற்குப் பதில் கைபேசியைச் செருகிவைக்க ஒரு தாங்கி, அதோடு இணைந்த ஒலிபெருக்கி. வலது இடது என்று இரண்டு துடைப்பான் இல்லாமல், முன் கண்ணாடிக்கு ஒன்றே ஒன்று. டேஷ்போர்டின் இடது பக்கப் பெட்டிக்கு மூடி கிடையாது. கை பிரேக் இருக்கைகளுக்கு நடுவில் இல்லாமல், டேஷ்போர்டுக்குக் கீழே பிடித்து இழுக்கும் பழைய பாணி. இதனால் முன் இருக்கைகள் இரண்டும் பெஞ்சு போல ஒட்டி வந்தன. அடிமட்ட வகையில் இடது பக்கக் கண்ணாடி கூட இல்லை. ரெடி-கோவின் சக்கரத்தில் நான்குக்குப் பதில் மூன்று நட்டுகள்.

இவற்றில் பெரும்பாலானவை புத்திசாலித்தனமான சிக்கனம். பாட்டுப்பெட்டி வேண்டியவர் வெளியே வாங்கிப் பொருத்திக்கொள்வார். ஆனால் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் தொடக்கத்தில் எந்த வகையிலும், கூடுதல் பணம் கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அங்கேதான் சிக்கல் வந்தது.

மோதல் சோதனை

குளோபல் என்கேப் என்பது கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதவிட்டு, உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு. 2014 நவம்பரில் அது கோவைச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூச்சியம்.

பூச்சியம் வாங்கியது கோ மட்டும் அன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத வகைகளும் பூச்சியமே வாங்கின. கோவோடு சோதிக்கப்பட்ட மாருதி சுவிஃப்டும் பூச்சியம்தான். பிறகு கோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

இதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கலாம், நசுங்கவும் வேண்டும். மோதலின் விசையை அது வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூண்டு உருக்குலையக் கூடாது. கூண்டு உறுதியாக இருக்கும் காரில் ஏர்பேக்கைச் சேர்த்தால் போதும், நிலைமை மாறிவிடும். போலோவில் இரண்டு ஏர்பேக் சேர்த்துச் சோதித்தபோது அது பூச்சியத்திலிருந்து நான்கு நட்சத்திரத்துக்கு ஏறியது. கோவின் கூண்டோ நிலையற்றது என்றும், அந்த நிலையில் ஏர்பேக் வைத்தாலும் பயன் குறைவு என்றும் சோதித்தவர்கள் கூறினர். பழைய வடிவமைப்பு என்றால்கூடச் சமாதானம் சொல்லலாம். 2014-இல் புதிதாக வந்த கார் இது. குளோபல் என்கேப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையிலிருந்து திரும்பப் பெறுமாறு கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். இந்திய விதிகளுக்கு உட்பட்டே கார் இருப்பதாக நிசான் பதில் சொன்னது. அது உண்மைதான், அன்று இந்தியாவில் மோதல் சோதனை கட்டாயமாக இல்லை. சட்டம் கேட்காததைக் கொடுக்கத் தேவையில்லை என்ற அந்தப் பதில்தான் பெயரைக் கெடுத்தது.

2015-இல் ஓட்டுநருக்கு மட்டும் ஏர்பேக் உள்ள வகை வந்தது. 2018 அக்டோபரில் புதுப்பித்த கோ, கோ பிளஸ் கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.சும் எல்லா வகையிலும் தரப்பட்டன. உடலும் வலுவாக்கப்பட்டது. அப்போது விலை 3.29 லட்சம் மட்டுமே. அதாவது தொடக்க விலையைவிட ஏறத்தாழ 17,000 ரூபாய்தான் அதிகம். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ற கேள்வி எழாமல் இருக்காது. ரெடி-கோ 2019-இல் சோதிக்கப்பட்டு ஒரு நட்சத்திரம் பெற்றது.

வைத்திருந்தவர்கள் சொன்னவை

டாட்சன் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் முறை கார் வாங்கியவர்கள். திருப்பூர் போன்ற ஊரில் இது எப்படிப்பட்ட குடும்பம் என்று விளங்கிக்கொள்ளலாம். பனியன் கம்பெனியில் டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ சேர்ந்து, பிறகு வீட்டுக்கு அருகில் நான்கைந்து பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒருவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் செக்கிங், அயர்னிங் குடும்பம். மெர்ச்சண்டைசர் வேலையில் இருக்கும் இளைஞர். மொபெட்டின் முன்னால் பீஸ் கட்டை வைத்துக்கொண்டு ஓடிய கை, தீபாவளி போனசும் வங்கிக் கடனும் சேர்த்து முதல் காரைப் பார்க்கும்போது ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும். அதற்கு முந்தைய தலைமுறையில் இந்த இடத்தை மாருதி வேன் பிடித்திருந்தது. பகலில் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில் என்று ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்தது.

இத்தகைய வீடுகளில் டாட்சன் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் நல்ல வார்த்தை இடவசதி. கோவில் 265 லிட்டர் டிக்கி. இந்த விலைக் காரில் அது தாராளம். கோ பிளஸ்ஸின் கடைசி இருக்கையை மடக்கினால் சாம்பிள் பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளும் தாராளமாகக் கொள்ளும். அடுத்தது உயரம். ரெடி-கோவுக்குத் தரையிலிருந்து 185 மில்லிமீட்டர் இடைவெளி. குழி விழுந்த தொழிற்பேட்டைச் சந்துகளிலும், முறையின்றிப் போட்ட வேகத்தடைகளிலும் அடி தட்டாது. ஸ்டியரிங் இலகு, நெரிசலில் திருப்புவது எளிது, ஏ.சி. நன்றாகக் குளிரும் என்பவையும் அடிக்கடி கேட்கும் பாராட்டுகள். கோவின் 1.2 லிட்டர் எஞ்சின் இந்த எடைக்கு நல்ல இழுவை உள்ளது. மேம்பாலம் ஏற ஏ.சி.யை நிறுத்த வேண்டியதில்லை. ரெடி-கோவின் 0.8 லிட்டரில் நான்கு பேர் ஏறினால் அந்தத் தெம்பு இருக்காது.

மைலேஜ் விஷயத்தில் நிறுவனம் அறிவித்தது கோவுக்கு லிட்டருக்கு 20.63 கிலோமீட்டர், முதல் ரெடி-கோவுக்கு 25.17. இவை சோதனைக்கூட அளவுகள். ஊருக்குள் ஓட்டுபவருக்கு எந்தக் காரிலும் இது கிடைப்பதில்லை, டாட்சனிலும் கிடைக்கவில்லை. ஆனால் பெட்ரோல் செலவைப் பற்றி யாரும் பெரிதாகப் புலம்பியதில்லை.

குறைகளில் முதலில் வருவது தகடு. கதவைச் சாத்தினால் வரும் ஓசையிலேயே மெல்லிய தகடு என்று தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது காற்றுச் சத்தமும், டயர் சத்தமும், மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து வரும். பக்கத்தில் பேருந்து கடந்தால் கார் ஆடுவது போன்ற உணர்வு. மழைக்காலத்தில் ஒற்றைத் துடைப்பான் கண்ணாடியின் ஓரங்களை விட்டுவிடும். கைபேசித் தாங்கி புதுமையாகத் தோன்றினாலும், திரை பெரிதான கைபேசிகள் வந்ததும் பயன்படாமல் போயிற்று.

இவையெல்லாம் பழகிவிடக்கூடிய குறைகள். பழக முடியாத குறை வண்டிக்கு வெளியே இருந்தது. மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் சிற்றூர் வரை பணிமனைகள்; எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார், பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நிசான் டாட்சனுக்குப் பெருநகரங்களைவிட்டு நகர்ந்தால் பணிமனை குறைவு. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் ஜாப் ஒர்க் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சிறிய விஷயம் அன்று. விற்கப் போனால் விலை கிடைக்காது என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். சந்தையில் மாருதியைப் பார்ப்பதுபோல டாட்சனைப் பார்ப்பவர்கள் குறைவு. தேடுவோர் இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை. வண்டியை விரும்பியவர்கள்கூட அடுத்தவருக்குப் பரிந்துரைக்கத் தயங்கியது இதனால்தான்.

மலிவு என்ற முத்திரையும் ஒரு தடை. நானோவுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. முதல் கார் என்பது பயணத்துக்கான கருவி மட்டும் அன்று. சொந்தபந்தத்தின் முன் வந்து நிற்கும் பொருள். “இருப்பதிலேயே விலை குறைந்தது” என்று விளம்பரம் செய்யும் காரை வாங்கி, ஊரில் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் ஆசை இருக்காது.

இரண்டாம் நிறுத்தம்

2019-20-இல் உலகளவில் பெரும் நட்டத்தைச் சந்தித்த நிசான், செலவைக் குறைக்கும் திட்டத்தில் ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும் டாட்சனை முடித்துக்கொண்டது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபின் புதுப்பித்த கார்கள் சிறிது காலம் ஓடின. அதே ஆண்டு டிசம்பரில் வந்த நிசான் மேக்னைட் நல்ல வரவேற்பைப் பெற்றதும் நிறுவனத்தின் கவனம் முழுவதும் அங்கே திரும்பியது. கோவும் கோ பிளஸ்ஸும் முதலில் நின்றன. 2022 ஏப்ரலில் ரெடி-கோவின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சேவை, உதிரிப்பாகம், உத்தரவாதம் ஆகியவை நிசான் வழியாகத் தொடரும் என்றும் அப்போது கூறப்பட்டது. 2025-இல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த 51 விழுக்காடு பங்கையும் ரெனோ வாங்கிக்கொண்டது. நிசான் கார்கள் அங்கேயே தொடர்ந்து உருவாகின்றன.

பழைய டாட்சன் வாங்குவோருக்கு

விலை இறங்கியிருப்பதால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்தக் கார்கள் இன்றும் கைமாறுகின்றன. கார் ஓட்டிப் பழக விரும்பும் மாணவர் வீடுகளும் இவற்றைப் பார்ப்பதுண்டு. பாகம் கிடைக்குமா என்ற அச்சம் ஓரளவுக்கே நியாயம். கோவின் எஞ்சின் மைக்ராவுடையது. ரெடி-கோவின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் க்விட்டுடையவை. க்விட் தொடர்ந்து விற்பனையில் இருப்பதால் ரெடி-கோவின் இயந்திரப் பாகங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. கதவு, பம்பர், விளக்கு, கண்ணாடி போன்ற உடல் பாகங்கள் டாட்சனுக்கே உரியவை. எனவே அடிபட்ட வண்டியை மலிவு என்று எடுத்தால் பிறகு அலைய வேண்டிவரும்.

கோ, கோ பிளஸ் வாங்குவதானால் 2018 அக்டோபருக்குப் பின் தயாரானதா என்பதைப் பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு மாதத்தைக் கொண்டு பார்க்க வேண்டும். பதிவு செய்த தேதி பிந்தியதாக இருக்கலாம். ஸ்டியரிங்கின் நடுவிலும் இடது பக்க டேஷ்போர்டிலும் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா, சாவியைத் திருப்பியதும் அதற்கான விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைகிறதா என்றும் கவனிக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லையென்றாலும், எரிந்து அணையாமல் நின்றாலும், அந்த ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்புவதற்கில்லை.